உப்புப் பார்த்தவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று அந்த நாட்களில் கேட்டிருந்தால், "எழுதலாமாக்கா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டிருப்பாள். எதைக் கேட்டாலும் அப்படித்தான். பசிக்கிறதா என்று கேட்டால்கூட மணியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். நிக்காஹ், பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கடை திறப்பு, எதுவானாலும் முந்நூறு பேர் வரை எங்கள் அடுப்பு தாங்கும். சட்டிக்கு முன்னால் நிற்பது நானும் என் வீட்டுக்காரரின் தங்கை மும்தாஜும். என் வீட்டுக்காரருக்கு வேலை, சாமான் வாங்கி வருவதும், சமைத்ததை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும், இடையிடையே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும். வெங்காயம் உரிக்க ஒரு ஆள் வேண்டுமென்று பால்கடையில் சொல்லிவைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அவள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். கேட் அகலத் திறந்துதான் கிடந்தது.

"உள்ள வாம்மா, தொறந்துதானே கெடக்கு" என்றேன்.

"வரலாமா பாயம்மா?"

முப்பத்திரண்டு வயதிருக்கும். நத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த தோழி ஒருத்தி இங்கே நூற்பாலையில் வேலை பார்க்கிறாள், அவளோடு தங்கியிருக்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "மாந்தோப்புக் குத்தகை" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு விளங்கிவிட்டது, அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை. மும்தாஜைக் கேட்டால் சொல்வாள்.

வேலை என்றால் அப்படியொரு வேலை. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாவது மூட்டையைப் பிரிக்கும்போது அவள் மூன்றாவதை முடித்திருப்பாள். புளியைக் கையில் எடுத்து ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, "இது போன வருசத்துதுக்கா, ரசத்துக்கு ஆகும், மீன் கொழம்புக்கு வேணாம்" என்பாள். அவள் பிறந்த வீட்டில் எல்லாருமே புளி தட்டிக் கொட்டை எடுத்து விற்கிறவர்கள். என் வீட்டுக்காரரைக் கடைக்காரன் இரண்டு தடவை ஏமாற்றியிருந்தான். மூன்றாவது தடவை அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரனே எழுந்து நின்றானாம். இவ்வளவு கெட்டிக்காரிக்கு உப்பு என்று வந்துவிட்டால் மட்டும் தன் நாக்கே போதாது.

முதல் வாரமே தாளிச்சா சட்டியை அவளிடம் விட்டுப் பார்த்தேன். பருப்பும் எலும்பும் கத்தரிக்காயும் சேர்ந்து கொதிக்கும் மணமே சொல்லிவிட்டது, தேர்ந்த கை என்று. கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உப்புப் போதுமா அக்கா?"

பாயம்மா அதற்குள் அக்கா ஆகியிருந்தேன். பார்த்தேன், சரியாக இருந்தது. போதும் என்றேன். போய்விட்டுச் செத்த நேரத்தில் திரும்பி வந்தாள். "நல்லாப் பாத்தீங்களாக்கா?" மறுபடி பார்த்தேன். அப்புறம் மும்தாஜிடம் போனாள். அப்புறம் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரரிடம். அவருக்குப் பூண்டுக்கும் இஞ்சிக்குமே வித்தியாசம் தெரியாது. அவரும் வாயை நன்றாகச் சப்பிவிட்டு, "அருமைம்மா" என்று சான்றிதழ் கொடுத்தார். அன்றைக்கு அந்தச் சட்டியிலிருந்து உப்புப் பார்த்தே அரைக்கிண்ணம் காலியானது.

அவளுடைய போனைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிலிண்டர் மூடியிருக்கும் படம், தண்ணீர்க் குழாய் மூடியிருக்கும் படம், கேட்டில் பூட்டுத் தொங்கும் படம். அன்றன்றைக்கு வேலை முடித்துப் போகும்போது எடுத்தது. "ஊரே மூஞ்சியப் போட்டோ எடுக்குது, இவ சிலிண்டர எடுக்குறா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக் குடுத்துவிடப் போறியாடி?" என்று மும்தாஜ் கேலி பண்ணுவாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், ஆனால் எடுப்பதை நிறுத்தவில்லை. கேட்டதற்கு, "போட்டோ இருந்தா எனக்கே நம்பிக்கையா இருக்கும்க்கா" என்றாள். அடுத்தவருக்குக் காட்டுவதற்கில்லை, தனக்கே காட்டுவதற்கு! எனக்கு அப்போது அது புரியவில்லை. மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் ஒரே ரசத்துக்கு ஐந்தாவது தடவை கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்டி, ஒனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "செத்துப்போச்சுன்னுதான்க்கா அவரும் சொல்வாரு" என்றாள். ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் புளி கோது எடுத்துக்கொண்டே சொன்னாள். தலையைத் தூக்கவே இல்லை.

அவளுடைய புருஷன் ஊருக்கு நல்லவர். விசேஷ வீட்டில் மைக் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தேன் ஒழுகப் பேசுவார். துக்க வீடென்றால் முதல் ஆளாக நிற்பார். வீட்டில் அடித்தது இல்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளிவைப்பார். அவ்வளவுதான். உப்பில்லையா என்று கேட்டால் பதில் வராது. இரண்டு நாள் பேச்சிருக்காது. மறுநாள் கொஞ்சம் கூடப் போட்டால், "கரிக்குது" என்று தட்டு மறுபடி நகரும். விருந்தாளிகள் முன்னால் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சுப்பா, பொறுத்துக்கங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு சாவி வைத்த இடம் மாறும். அவள் மாற்றினாளாம். மூடிய குழாய் திறந்து கிடக்கும். அவள்தான் திறந்தாளாம். "ஒனக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று அவள் தலையைத் தடவிவிடுவார். எட்டு வருஷம்.

"ஒரு ஞாயித்துக்கெழமக்கா" என்றாள். "அவரு கூட்டாளிங்க சாப்புட வாராங்கன்னு கோழிக்கொழம்பு வச்சேன். கருவேப்பில ஒடிக்கக் கொல்லைக்குப் போயிட்டு வாரேன், அவரு அடுப்புக்கிட்ட நிக்குறாரு. உப்பு ஜாடிக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளிக் கொழம்புல போட்டாரு. கிண்டி விட்டாரு. துண்டுல கையத் தொடச்சாரு. நான் வாசப்படியில நின்டு பாத்தேன்."

"அப்பறம்?"

"திரும்பி என்னயப் பாத்து, வாசம் தூக்குதேன்னு சிரிச்சாரு. பந்தியில ஒரு வாய் வச்சுட்டு, கூட்டாளிங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிச்சுக்கங்கப்பான்னாரு. அவங்க அம்புட்டுப் பேரும் அவருக்கு ஆறுதல் சொன்னாங்கக்கா."

சாயங்காலம் அவள் கேட்டிருக்கிறாள், நீங்கள்தானே போட்டீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டார். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார், பிறகு டாக்டரிடம். தூக்கம் வருகிற மாத்திரை. கடைசியில் இவளே அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள்.

"நானே நெனச்சுக்கிட்டேன்க்கா, நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்னு. இப்பவும் சில நாளு அப்பிடித்தான் தோணுது. நெசமாவே பாத்தேனான்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த புளியங்கொட்டைகளைக் கொல்லைச் சுவரில் விட்டெறிந்தேன். அவள் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்தாள்.

இரண்டு தடவை அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அண்ணனே கொண்டுபோய் விட்டிருக்கிறார். அடியில்லை, குடியில்லை, சூதில்லை, உப்பு விஷயத்துக்கா ஒருத்தி வாழாவெட்டியாக வருவாள் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. மூன்றாவது தடவை அவள் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

அவரை அடியோடு வெறுத்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய கல்யாண நாளன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். நான் திட்டப் போனேன். "அவரு நல்லாருக்குற நாளு ரொம்ப நல்லாருப்பாருக்கா. அல்வா வாங்கிட்டு வந்து ஊட்டி விடுவாரு. அதானக்கா கஷ்டமே" என்றாள். கூட உட்கார்ந்து பிரியாணித் தேக்சாவைத் தேய்த்தேன்.

நடுவில் நல்ல நாட்களும் வந்தன. காலையில் டீயா காப்பியா என்று கேட்டால் "ஏதாச்சும்" என்பவள், ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள், "காப்பிக்கா. சீனி கம்மியா" என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கவனிக்காததுபோல உள்ளே போய், மும்தாஜின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். "மச்சி, வலிக்குது" என்றாள் அவள். அண்ணன் மனைவியை எங்களில் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு எல்லாருக்குமே சீனி கம்மியாகத்தான் காப்பி போட்டேன்.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

நோன்பு பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு அவளுடைய புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவள் அன்றைக்கு மும்தாஜோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் கீற்றாய் விபூதி, கையில் ஒரு கூடை ஆயக்குடிக் கொய்யா. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா" என்றார். சலாம் சொன்ன அழகிலேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன். இவரைப் பற்றி எல்லாம் தெரிந்தும்தான் கவிழ்ந்தேன். கேளுங்கள்.

"நீங்க ஒடம்பொறந்தவ மாதிரி அவளப் பாத்துக்கிறீங்க, இந்தக் கடன நான் எப்பிடித் தீர்ப்பேன்?" என்று தொடங்கினார். அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, ராத்திரி தூங்குகிறாளா, அடுப்பை அணைக்க மறக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "அவ மேல தப்பில்லக்கா, அது ஒரு நோவு. இல்லாதத இருக்குதும்பா. பெரிய பெரிய சட்டியில கொதிக்குது உங்க வீட்டுல. பாத்துக்கங்க" என்றபோது துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் முந்தானையை எடுத்தேன். பெருநாள் முடிந்து அவளுடைய அண்ணனோடு வாருங்கள், பேசிப் பக்குவமாக அனுப்பிவைக்கிறேன் என்று என் வாயாலேயே சொன்னேன். சாப்பாடும் போட்டு அனுப்பினேன்.

அவள் வந்ததும் சொன்னேன். கொய்யாக் கூடையைப் பார்த்தபடியே, "சரிக்கா" என்றாள். மறுநாளிலிருந்து நான் அவளை வேவு பார்க்கத் தொடங்கினேன். அவள் அணைத்த அடுப்பைப் போய்த் திருகிப் பார்த்தேன். அவள் எண்ணி வைத்த தட்டுகளை மறுபடி எண்ணினேன். மூன்றாம் நாள் நெய்ச்சோற்றுக்கு உப்புப் போட்டுவிட்டேன் என்றாள்.

"போட்டியா? நிச்சயமாவா? நல்லா நெனச்சுப் பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. தெரிந்த தெருவுக்கே மறுபடி வந்து சேர்ந்துவிட்ட ஒருத்தியின் களைப்பு அந்த முகத்தில் இருந்தது. "தெரியலக்கா" என்றாள். சட்டியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய் வெங்காயத்துக்கு முன் உட்கார்ந்துகொண்டாள். நான் சோற்றை வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு கச்சிதமாக இருந்தது. எட்டு வருஷம் அந்த ஆள் செய்ததை மூன்றே நாளில் நானும் செய்து முடித்திருந்தேன். பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்க்கா" என்றாள். அந்த 'இருக்கட்டும்' எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

நோன்பு பிறந்தது. எங்கள் அடுப்படியில் ரமலான் மாதத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. சமைக்கிற எல்லாருக்கும் நோன்பு, யார் உப்புப் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. வழக்கமாக எதிர்வீட்டுப் பூக்காரம்மாவைக் கூப்பிடுவோம். அந்த அம்மா கையில் நாரோடு வந்து, ஒரு சொட்டு நக்கிவிட்டு, "சுள்ளுனு இருக்கு பாயம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வருஷம் எங்கள் கொல்லையில் நோன்பில்லாதவள் அவள் ஒருத்திதான். மத்தியானம் அவளுக்கென்று தனியாகச் சோறு வடித்தால், எங்களுக்குப் பயந்து அம்மிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாப்பிடுவாள். உப்புப் பார்க்கச் சொன்னால் மட்டும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

பதினேழாவது நோன்பன்று ஒரு தோல் வியாபாரி வீட்டில் நோன்பு திறக்க இருநூறு பேருக்குப் பிரியாணி. மாலைத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கறி வெந்து, தண்ணீர் அளந்து ஊற்றி, இரண்டு தேக்சாவும் தளதளவென்று கொதித்தன. ஊறிய சீரகச்சம்பா கூடையில் தயாராக இருந்தது. பிரியாணித் தண்ணீரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும். அரிசி விழுந்தபின் இழுத்துக்கொள்ளும். அரிசியைக் கொட்டிவிட்டால் அதற்குமேல் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. பக்கத்து அடுப்பில் கிடந்த தாளிச்சாவுக்கு மத்தியானமே உப்புப் பார்த்துவிட்டுப் பூக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"பாருடி" என்று கரண்டியை அவளிடம் நீட்டினேன்.

முதல் சட்டியில் பார்த்தாள், தலையாட்டினாள். இரண்டாவது சட்டியில் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"இதுல உப்பு இல்லக்கா."

"போட்டாச்சே" என்றாள் மும்தாஜ். "நாந்தான் போட்டேன். ரெண்டு சட்டிக்கும் என் கையால போட்டேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "தெரியலக்கா... போட்டுருப்பாங்க" என்று பின்வாங்கினாள்.

"அல்லாமேல சத்தியமாப் போட்டேன் மச்சி" என்றாள் மும்தாஜ். நோன்பும் அதுவுமாகச் சத்தியம். மும்தாஜ் பொய் சொல்கிறவள் இல்லை. பதினைந்து வருஷமாக என் பக்கத்தில் நின்று சமைப்பவள். நான் மறுபடி போடச் சொல்லி, முன்னமே போட்டிருந்தால், நாளெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் வாயில் வைக்க முடியாது. போடாமல் விட்டு, உண்மையிலேயே இல்லாவிட்டாலும் அதே கதைதான். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். நிச்சயமாவா என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. கடித்து நிறுத்திக்கொண்டேன்.

"நான் பாக்க முடியாதுடி, அவளும் முடியாது" என்றேன். "ஒன் வாய்தான் இருக்கு. நீ என்ன சொல்றியோ அதான்."

அவள் தண்ணீர் மோந்து வாய் கொப்பளித்தாள். இன்னொரு கரண்டி எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை, எனக்குப் பள்ளிவாசலில் மறுபாங்கே சொல்லிவிடுவார்கள்போல இருந்தது.

"மும்தாஜக்கா போட்டுருப்பாங்கக்கா" என்றாள் கண்ணைத் திறந்து. "ஆனா இதுல இல்ல."

"எம்புட்டுப் போடணும்?"

"நாலு பிடி. தண்ணி தூக்கலா வேணும்ல, அரப்பிடி கூட."

"போடு."

போட்டாள், கிண்டினாள், பார்த்தாள். இந்தத் தடவை கரண்டியோடு யாரிடமும் வரவில்லை. "அரிசியக் கொட்டுங்கக்கா" என்றாள். மும்தாஜ் முகத்தைத் தூக்கிக்கொண்டு கூடையைச் சாய்த்தாள். நோன்பு திறக்கும்போது எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டாவது சட்டிப் பிரியாணியில்தான் பேரீச்சம்பழத்துக்கு அடுத்த முதல் வாயை வைத்தேன். சரியாக இருந்தது. பக்கத்தில் மும்தாஜ் தாளிச்சாவை ஊற்றி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஒரே கரிப்பு. இரண்டாவது சட்டிக்கென்று அள்ளிய உப்பை அசதியில் பக்கத்து அடுப்பில் போட்டிருக்கிறாள். "என் சத்தியம் தாளிச்சாவுல கெடக்கு மச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தோல் வியாபாரி வீட்டிலிருந்து தாளிச்சாவைப் பற்றி வந்த பேச்சை என் வீட்டுக்காரர் வாங்கி வந்து அப்படியே ஒப்பித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். நான் கொடுத்த வாக்கு. அவளிடம், "வேணாம்னா இப்பவே போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிர்றேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "வரட்டும்க்கா" என்றுதான் சொன்னாள். போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புருஷன் பித்தளைத் தாம்பாளத்தில் சேலையும் மல்லிகைப்பூவும் கொண்டுவந்திருந்தார். அண்ணன் கரடுமுரடான கையும் காலுமாக, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் சுவரோரம் நின்றாள். புருஷன் பேசினார். மைக் இல்லாததுதான் குறை. தன் மேல்தான் எல்லாத் தப்பும் என்றார், அவளைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்வேன் என்றார். பேசிக்கொண்டே வந்தவர், சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டயும் சொல்லிருப்பாளே அக்கா, நான் கொழம்புல உப்ப அள்ளிப் போட்டேன்னு. சொந்த வீட்டுக் கொழம்புல எவனாச்சும் உப்ப அள்ளிப் போடுவானா? நீங்களே சொல்லுங்க மச்சான்."

அண்ணன் அவளைப் பார்த்தார். "அப்பிடியா பாப்பா சொன்ன?"

அவள் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில், நானும் பார்த்தேன் என்று பொய்ச் சத்தியம்கூடச் செய்திருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவள் பார்வையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அக்கா அங்க இல்லண்ணே" என்றாள். "நான்தான் இருந்தேன். அவரு போட்டாரு. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா, இதத்தான் சொன்னேன்" என்றார் புருஷன். குரலில் தேன் குறைந்தது. "ஒன்னய எவன் நம்புவான்?"

"நம்ப வேணாம்" என்றாள். "நான் வரல."

தாம்பாளத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். பூ கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை தூக்காமலே, "நீங்க கெளம்புங்க மாப்ள" என்றார். புருஷன் எங்கள் குடும்பம், எங்கள் மதம், என் வாய் எல்லாவற்றையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தைகளில் தேனே இல்லை. என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, "போங்க" என்று சொன்னார்.

அண்ணன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவ நாந்தான பாப்பா ஒன்னயக் கொண்டுபோயி விட்டேன்" என்றார்.

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எனக்கே ஒரு தடவை கிடைத்த அந்த 'இருக்கட்டும்'தானே. அவள் சொல்லத் தவறினால் நானே சொல்லிவிடலாம், பாவம், அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றுகூட நினைத்தேன்.

"ஆமாண்ணே" என்றாள் அவள். "நீதான் விட்ட. ரெண்டு தடவையும் போகமாட்டேன்னு அழுதேன். நீ பாத்த."

அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பாத்தேன்" என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இருக்கட்டும் என்று மட்டும் சொல்லவில்லை.